தறியில் ஏற்றாத நகல்

என் தங்கை மகன் சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கிறான். கம்பெனியிடம் உள்ள எல்லாத் தகவலுக்கும் தினமும் ஒரு நகல் எடுத்து, அதை வேறு ஊரில் இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டரில் பத்திரப்படுத்துவதுதான் அவன் வேலையில் பாதி. போன மாதம் வீட்டுக்கு வந்தவன், அதற்கென்றே புதிதாக வாங்கியிருக்கும் மென்பொருளைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கட்டடமே எரிந்து போனாலும் அரை நாளில் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்துவிடுவானாம்.

"கொண்டாந்து பாத்திருக்கியா?" என்று கேட்டேன்.

"எதுக்கு மாமா? பேக்கப் முடிஞ்சதும் சக்சஸ்னு பச்சையா காட்டுதே."

சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. காபி குடிக்க வந்த பிள்ளையை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். அவன் முகம் தொங்கிப் போய்விட்டது. என் மனைவி அடுக்களையிலிருந்து வந்து, உங்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். எனக்கு ஆனது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் கடைசியில் ஆனது. அதை இதுவரை நான் யாரிடமும் ஒழுங்காகச் சொன்னதில்லை.

அப்போது காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் அட்டை அறைக்கு நான்தான் பொறுப்பு. அட்டை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். சேலைக் கரையில் வரும் ஒவ்வொரு பூவும் முதலில் கட்டம் போட்ட கிராப் தாளில் இருக்கும். தாளில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஒரு நீள அட்டை. வரியில் எந்தக் கட்டம் நிறைந்திருக்கிறதோ, அட்டையில் அந்த இடத்தில் ஓட்டை. இப்படி நூற்றுக்கணக்கான அட்டைகளைக் கயிற்றில் வரிசையாகக் கோத்து, தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் மாட்டுவார்கள். எந்த இழை எழ வேண்டும், எது படுக்க வேண்டும் என்று ஓட்டைகள் சொல்லும். அட்டை போனால் பூ போயிற்று.

தாளில் வரைபவர் டிசைன் மாஸ்டர். எங்கள் மாஸ்டருக்கு அப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கோபக்காரர். வெற்றிலை போட மாட்டார், எச்சில் தாளில் தெறித்துவிடும் என்று. கண் மங்கத் தொடங்கியிருந்த நேரத்தில் அவர் கடைசியாக எடுத்துக்கொண்ட வேலை, பெரிய கரையில் வரிசையாக வலம்புரிச் சங்கு. கரையின் நெளிவோடு சங்கின் சுழியும் சேர்ந்து திரும்ப வேண்டும், அதுவும் வலப்பக்கமாகவே திரும்ப வேண்டும். மாதக்கணக்கில் அதிலேயே கிடந்தார். கடைசி நாட்களில் கட்டம் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து கட்டங்களை எண்ணிச் சொல்ல, அவர் பென்சில் வைத்தார்.

மேனேஜர் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "எந்தப் பக்கம் திரும்பினா இன்னா மாஸ்டர்? சங்கு சங்குதானே, சட்டுனு முடிங்க" என்றார்.

மாஸ்டர் பென்சிலைக் கீழே வைத்தார். "இடம்புரி கடல்ல கொட்டிக் கெடக்குது சார். அதை வரையறதுக்கு எனக்கு எதுக்கு கண்ணு?"

அந்தத் தாளை முடித்த பிறகு அவருக்கு வெளிச்சமும் நிழலும்தான் மிஞ்சின. வைத்தியம் எதுவும் பலிக்கவில்லை. தாளை என்னிடம் கொடுக்கும்போது, "இது போச்சுன்னா என்னால இன்னொண்ணு வரைய முடியாதுபா, பாத்துக்கோ" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. பிறகு மகளின் கல்யாணப் பேச்சு வந்தபோதுதான் இன்னொன்றும் கேட்டார். ஊரார் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் முகூர்த்தச் சேலை வரைந்து கொடுத்தவர், தன் மகளும் தன் கரையைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார வேண்டும் என்றார். சங்கமும் சரியென்றது.

அட்டை அறை சாயப் பட்டறையை ஒட்டிய பழைய ஓட்டுக் கட்டடம். ஐப்பசி மழைக்கு மூன்று இடத்தில் ஒழுகும். எலி உண்டு, கரையான் உண்டு. கிராப் தாளும் அட்டையும் ஒரே பீரோவில். ஏன் ஒரே இடம் என்று கேட்டதற்கு, ஒரே இடத்தில் இருந்தால் தேடுவது சுலபம் என்று மேனேஜர் சொன்னார். அவரோடு சண்டை போட்டு, அந்தச் சங்குக் கரைக்கு மட்டுமாவது இன்னொரு செட்டு குத்திக்கொள்ள அனுமதி வாங்கினேன். வாலாஜாபாத்தில் ஒரு அரிசி ஆலையை ஒட்டிச் சங்கத்துக்கு நூல் வைக்கும் அறை ஒன்று இருந்தது. நகலை அங்கே வைப்பது என்று ஏற்பாடு. இவ்வளவு முன்யோசனை உள்ள ஆள் இந்த ஊரிலேயே நான் ஒருவன்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு.

நகல் குத்துவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வெற்று அட்டையின் மேல் மூல அட்டையை வைத்து, இருக்கிற ஓட்டைகள் வழியாகவே உளியை இறக்க வேண்டும், அவ்வளவுதான். தாளை முடிப்பதற்கு முன்பே, வெற்று அட்டையாக இருந்தபோதே, மூல அட்டை ஒவ்வொன்றிலும் மாஸ்டர் தன் கையாலேயே மையால் எண் போட்டு வைத்திருந்தார். கண் தெரிந்த காலத்தின் கடைசிக் கையெழுத்து அது. எண்ணின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய உளியும் இரும்புத் தகடும் பட்டு அழிந்துவிடக் கூடாதே என்று நான் பக்தியோடு ஒரு காரியம் செய்தேன். மூல அட்டை ஒவ்வொன்றையும் முகம் கீழே பார்க்கும்படி கவிழ்த்து வைத்துக் குத்தினேன். நகலின் மேல்பக்கத்தில் அழகாக எண் எழுதினேன். கவிழ்த்து வைத்தால் இடது வலதாகும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

முடித்ததும் மேனேஜரிடம் போய், ஒரு தறியில் ஏற்றி நாலு விரற்கடை நெய்து பார்த்துவிடலாம் என்றேன்.

"சும்மா ஒரு தறியை நிறுத்த முடியாதுபா. ஓட்டை ஓட்டையாத்தானே இருக்குது? எண்ணிப் பாத்தியா இல்லியா?"

எண்ணினேன், சரியாக இருக்கிறது என்றேன். மேனேஜர் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பிக்கலாம். உண்மை என்னவென்றால், அதை நான் ஒருமுறைதான் கேட்டேன். அவர் மறுத்ததில் எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. என் வேலையைச் சோதிப்பது என்னைச் சோதிப்பது போலத்தானே? மாதம் ஒருமுறை பஸ் பிடித்து வாலாஜாபாத் போவேன். விட்டத்தில் தொங்கும் நகலின் மேல் படிந்த தவிட்டுத் தூசியைத் தட்டுவேன், காய்ந்த வேப்பிலையை மாற்றுவேன், அட்டைகளை எண்ணுவேன், பத்திரமாக இருக்கிறது என்று மாஸ்டரிடம் வந்து சொல்வேன். அவர் தலையாட்டுவார். இரண்டு வருஷம் இப்படிச் சொன்னேன். பத்திரமாகத்தான் இருந்தது, என் தப்பும் அதோடு சேர்ந்து.

இதற்கிடையில் மூல அட்டையில் சேலைகள் நெய்யப்பட்டு நன்றாகவே போயின. எங்கள் தறிகளில் அந்தக் கரை நெய்யும்போது சேலையின் முகம் தரையைப் பார்த்திருக்கும். நெய்பவருக்குத் தெரிவது பின்பக்கம். அதனால் மேலிருந்து பார்த்தால் சங்கு இடப்பக்கம் திரும்பியிருக்கும். அதை முதலில் நெய்த நெசவாளர் கேலிக்காரர். "எனக்கு மட்டும் இடம்புரி, கட்டிக்கிறவளுக்கு வலம்புரி. நம்ம தலையெழுத்து அப்படிக்கீது" என்று நான் போகும்போதெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இந்த ஒரு பேச்சை நான் ஞாபகம் வைத்திருந்தால் போதும். அவர் அடுத்த வருஷம் மகனோடு ஆரணிக்குப் போய்விட்டார்.

மாஸ்டர் மகளுக்குத் தை மாதத்தில் முகூர்த்தம் குறித்தார்கள். அந்த ஐப்பசியில் நான்கு நாள் விடாத மழை. அட்டை அறையின் கூரை ஒரு பக்கமாகச் சரிந்து பீரோவின் மேலேயே விழுந்தது. நாங்கள் ஓடுகளை அள்ளிப் போட்டுவிட்டுத் திறந்தபோது அட்டைகள் கூழாகியிருந்தன. கிராப் தாளைக் கையில் எடுக்க முடியவில்லை. மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தேன் போலிருக்கிறது. "கவலைப்படாதீங்க சார், நகல் இருக்குது" என்று சொன்னபோது என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது.

வெள்ளம் வடிந்ததும் வாலாஜாபாத் போய் அட்டைக் கட்டைத் தோளில் சுமந்துகொண்டு வந்தேன். ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். மாஸ்டர் வாசலில் நின்று, கட்டைத் தடவிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

முதலில் மகளின் சேலைதான் என்று முடிவானது. புதிதாக வந்த ஒரு நெசவாளரின் தறியில் ஏற்றினோம். முதல் சங்கு முழுதாக வந்ததும் அவர் கூப்பிட்டனுப்பினார். போய்ப் பார்த்தால் தறியில் அழகாக, வலப்பக்கம் திரும்பிய சங்கு. "பாருங்க சார், வலம்புரி வந்துக்கினு இருக்குது!" என்றார் நெசவாளர். மேனேஜர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன். கண்ணுக்கு மங்களமாக இருந்ததல்லவா, யாருக்குச் சந்தேகம் வரும்? மேலே வலம் என்றால் கீழே முகத்தில் இடம் என்று அங்கே நின்ற ஐந்து பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. நெய்ய நெய்யச் சேலை உருளையில் சுருண்டுகொண்டே போயிற்று.

கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது சேலையைத் தறியிலிருந்து அறுத்தார்கள். மாஸ்டரின் மகள் தன் அம்மாவோடு சங்கத்துக்கு வந்திருந்தாள். மேஜையில் விரித்ததும் அவள்தான் முதலில் பார்த்தாள். கட்டங்களை எண்ணிச் சொன்னவள் அவள்தானே. கையைச் சேலையின் மேல் வைத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணா, சங்கு எல்லாம் அந்தப் பக்கமா திரும்பிக்கீது."

கவிழ்த்து வைத்த ஒவ்வொரு அட்டையும் அப்போதுதான் கண் முன்னால் வந்தது. அட்டைகளைத் திருப்பிக் கட்டினால் சரியாகிவிடும், புதிதாக நெய்துவிடலாம் என்று உளறினேன். எட்டு நாளில் புதிதாகப் பாவு நூல் ஏற்றி அந்தக் கரையை யார் நெய்வது? அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மகள் அழவில்லை. சேலையை மடித்தாள்.

"அப்பாக்கிட்ட யாரும் சொல்லாதீங்க. அவருக்குத் தெரியவா போகுது?"

பிறகு நடந்ததை முன்னால் சொல்லிவிடுகிறேன். அட்டைகளைப் பிரித்து ஒவ்வொன்றாகத் திருப்பிக் கோத்தேன். இரண்டு நாள் வேலை, அவ்வளவுதான். அடுத்த சேலையிலேயே வலம்புரி சரியாக வந்தது. மழைக்குப் பிறகும் கரை பிழைத்துக்கொண்டது என்று சங்கத்தில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அந்த வருஷப் பொதுக்கூட்டத்தில் என் முன்யோசனையைப் பாராட்டி எனக்குச் சால்வை போட்டார்கள். கைதட்டினார்கள். அந்தச் சால்வையை வீட்டுக்குக் கொண்டுபோகும் வழியிலேயே ஒரு பிச்சைக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை, கூசியது. எத்தனையோ பெண்கள் அந்த வலம்புரியைக் கட்டிக்கொண்டார்கள். யாருடைய கண்ணில் அது பிறந்ததோ அவர் பெண்ணுக்கு மட்டும் கிடைக்கவில்லை. இரண்டு வருஷத்தில் அரை நாள் ஒரு தறியை நிறுத்தியிருந்தால் போதும். சால்வை போட்ட அன்றைக்குச் சபையில் எழுந்து இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குனிந்து வாங்கிக்கொண்டேன்.

கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்ததும் மகளும் மாப்பிள்ளையும் மாஸ்டரின் காலில் விழுந்து எழுந்தார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன், நகர முடியவில்லை.

"ஏம்பா, சங்கு எந்தப் பக்கம் திரும்பிக்கீது?" என்று என்னிடம் கேட்டார்.

"வலப்பக்கந்தான் மாஸ்டர். நீங்க வரைஞ்ச மாதிரியே."

மகளைக் கிட்டே வரச் சொன்னார். கரையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஜரிகையின் மேல் ஆள்காட்டி விரலை வைத்தார். விரல் சங்கின் வாயிலிருந்து கிளம்பி மெதுவாகச் சுழியைச் சுற்றிப் போயிற்று. பாதியில் நின்றது. திரும்ப முதலிலிருந்து ஒருமுறை போயிற்று. மகள் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேளக்காரர் வாசித்துக்கொண்டே இருந்தார். மாஸ்டர் கரையை இரண்டு விரலால் புரட்டி, பின்பக்கத்தை மேலே கொண்டுவந்து, அதே மாதிரி தடவினார். இந்தமுறை விரல் எங்கும் நிற்கவில்லை.

"இந்தப் பக்கத்துல சரியா இருக்குதுபா" என்றார். மகளின் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்துவிட்டு, கரையை மறுபடி முகம் தெரியத் திருப்பி நீவிவிட்டார்.