அம்மா வரைந்த என் படம்

எளாவூர் செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால் லாரி மோதித் தம்பி செத்துப்போன பிறகு, அம்மா ஏழெட்டு மாதம் யாரோடும் பேசவில்லை. ஊட்டினால் சாப்பிடுவாள். தலை வாரிவிட்டால் உட்கார்ந்திருப்பாள். அப்பா அதற்கு முன்னமே இறந்துவிட்டார். கும்மிடிப்பூண்டியில் கார்களுக்கு ஒயர் செட் செய்யும் கம்பெனியில் எனக்கு ஷிப்ட் வேலை. அவளுக்குச் செய்ய வேண்டியதை முடித்து, சோறாக்கி ஊட்டி, மீதியை மூடிவைத்துவிட்டு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர்தான் சர்ச் ஹாலில் நடக்கும் ஓவிய வகுப்பைப் பற்றிச் சொன்னார். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், புருஷனிடம் அடிபட்டவர்கள் என்று பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஞாயிற்றுக்கிழமை கூடி, தரையில் பெரிய தாளை விரித்து ஒன்றாக வரைவார்கள். முதலில் அம்மா பிரஷ்ஷைத் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்ததோடு சரி. பிறகு ஒருநாள் வீட்டுக்கு வந்து, "பச்சை தீந்துபூச்சு, வாங்கியாரியா?" என்றாள். அத்தனை மாதம் கழித்து என்னிடம் பேசிய முதல் பேச்சு. அதை வாங்கக் கடைக்குப் போன பஸ்ஸில் வழியெல்லாம் அழுதேன்.

அதற்கப்புறம் வரைந்ததெல்லாம் தம்பியைத்தான். பைக் துடைக்கிற தம்பி, இட்லி தின்கிற தம்பி. அவன் மேல்பல் ஒன்று லேசாக உடைந்திருக்கும், அதைக்கூட விடவில்லை. மற்ற பெண்கள் அவன் சட்டைக்குக் கலர் அடித்தார்கள். அவர்களோடு அம்மா பேசினாள், சிரித்தாள். வீட்டுக்கு வந்தால் வாய் மூடிக்கொள்ளும்.

ஒரு ஞாயிறு லீவு கிடைத்ததும் நானும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வகுப்பு நடத்தும் மேடம், "இன்னிக்கு உங்க பொண்ண வரைங்கம்மா" என்றார். அம்மா தயங்கவில்லை. நீல யூனிஃபார்ம் கோட்டு, பின்னல், தோளில் சாப்பாட்டுப் பை. வாசலைத் தாண்டிப் போகிற ஒரு பெண்ணின் முதுகு.

"மூஞ்சி எங்கம்மா?"

"நீ எப்பவும் போய்க்கினேதான இருக்க" என்றாள், பிரஷ்ஷைக் கழுவியபடி. "கண்ண மூடினா இதான் வருது."

"யாருக்காகப் போறேன்?"

"அதுக்கு நான் இன்னா பண்ண? வர்றதத்தான வரைய முடியும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். மேடம் படத்தைத் தூக்கிப் பிடித்து, "எவ்ளோ உண்மையா இருக்கு பாருங்க" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அம்மா இப்போது நன்றாக இருக்கிறாள். மாத்திரையைக் குறைத்துவிட்டார்கள். புதிதாக வரும் பெண்களுக்குக் கலர் கலக்கச் சொல்லித் தருகிறாள். யார் கேட்டாலும், அந்த வகுப்புதான் தன்னைக் காப்பாற்றியது என்கிறாள். அது உண்மைதான், நான் மறுத்துப் பேசியதில்லை. அந்த ஏழெட்டு மாதம் அவளைக் குளிப்பாட்டிவிட்டது யாரென்று அவர்கள் கேட்பதும் இல்லை, அவள் சொல்வதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.