உப்பு வைக்காத இலை

பக்காவ் விறகின் புகை கண்ணை விடத் தொண்டையைத்தான் அதிகம் பிடிக்கும். கடலோரச் சேற்றில் வளரும் அந்த மரத்தின் உவர்ப்பு வாடை விடிவதற்குள் எங்கள் வீட்டு மாடிக்கு ஏறி வந்துவிடும், அதற்குப் பிறகு யாரும் தூங்க முடியாது. கீழே அப்பா அடுப்பு மூட்டிவிட்டார் என்று அர்த்தம். இந்த இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிராங்கூன் ரோட்டில் அவர் நடத்திய "சோத்துக்கடை"யில் சாப்பிட்டவர்கள் எவரும் அதை மறந்திருக்க மாட்டார்கள், அவர்களில் யாராவது இன்னும் இருந்தால்.

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. "உப்பு வைக்காத கடை" என்று கேட்டால் மாட்டுவண்டிக்காரர்கூட வழி சொல்வார். மற்ற கடைகளில் இலை போட்டதும் ஓரத்தில் ஒரு சிட்டிகை உப்பு வைப்பார்கள்; அப்பா வைக்கமாட்டார். "நான் போட்டது போதாதா?" என்பார். கரண்டியோ படியோ இல்லாமல் "கைக்கணக்கு"ப்படி ஒரே தடவை அள்ளிப் போடுவார். துறைமுகத்தில் மூட்டை தூக்குபவரும் ஆபீஸ் குமாஸ்தாவும் அருகருகே உட்கார்ந்து மறுபேச்சில்லாமல் சாப்பிட்டு எழுவார்கள். அந்த மனிதருக்கு இருந்த பெருமை இது ஒன்றுதான்.

தைப்பூசத்தன்று டோபி காட் பக்கம் கடைக்காரர்கள் சேர்ந்து போடும் அன்னதானப் பந்தலுக்கும் அப்பாதான் சமையல். எனக்குப் பத்து வயதான வருடம் அம்மா பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள், அதனால் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவருக்கே ஒரு வாரக் காய்ச்சல் அப்போதுதான் விட்டிருந்தது. முருகனுக்குப் படைக்கும் முன் ஒரு பருக்கைகூட நாக்கில் படக்கூடாது என்பதால் பந்தலில் யாரும் ருசி பார்ப்பதில்லை. சாம்பார் சோறு வெந்துகொண்டிருந்த அண்டாவுக்குப் பக்கத்தில் நான் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தேன். ஈர விறகைக் கொண்டுவந்த வண்டிக்காரரோடு சத்தம் போட்டுவிட்டுத் திரும்பிய அப்பா, துடுப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"அம்மாடி, இதுக்கு உப்புப் போட்டேனா?"

நான் பார்க்கவில்லை. தெருமுனையில் மேளம் கேட்டது, காவடிகள் வந்துகொண்டிருந்தன. தெரியாது என்று சொன்னால் ஒவ்வோர் ஆளாகக் கூப்பிட்டு விசாரிப்பார், அது முடியும்வரை என்னையும் விடமாட்டார். "போட்டீங்கப்பா, நான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

திரும்பி வந்தபோது முதல் பந்தி உட்கார்ந்திருந்தது. விரதமிருந்து பசியோடு வந்தவர்கள். முதல் கவளத்தை விழுங்கியதும் ஒருவர் தயங்கித் தயங்கி, "அண்ணே, கொஞ்சம் உப்பு கிடைக்குமா?" என்றார். "இங்கயும் கொண்டாங்க லா" என்றது அடுத்த வரிசை. கெட்டியாகக் கிளறி இறக்கிய சோற்றில் இனி உப்பைக் கலக்க வழியில்லை. அப்பாவே ஒரு கொட்டாங்கச்சியில் உப்பை அள்ளிக்கொண்டு, ஒவ்வோர் இலையாகக் குனிந்து குனிந்து வைத்துக்கொண்டு போனார்.

"என்னண்ணே, உங்களுக்கேவா இப்படி?" என்று பந்தல்காரர் ஒருவர் கேட்டார்.

"நான்தான் மறந்துட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்ற என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

மறுநாள் அவர் எழுந்திருக்க மாட்டார் என்றே நினைத்தேன். ஆனால் வழக்கமான நேரத்துக்குப் புகை வந்தது. பகலில் இலை போட்டதும் எல்லா இலைகளின் ஓரத்திலும் உப்பு வைத்தார். வாடிக்கைக்காரர்கள் சிரித்துக்கொண்டே, "என்ன இது, புதுப் பழக்கம்?" என்று கேட்டார்கள். "இருக்கட்டும் தம்பி, வேணும்னா தொட்டுக்குங்க" என்றார். கடையை மூடும்வரை, பதினாறு வருடம், வைத்தார். அத்தனை வருடத்தில் அவர் சமையலில் உப்பு ஒருநாளும் கூடவுமில்லை, குறையவுமில்லை; எச்சில் இலை எடுக்கும்போது ஓரத்து உப்பு வைத்தது வைத்தபடியே இருக்கும்.

நான் சொல்லியிருக்கலாம். ஒருமுறை, "அப்பா, அன்னிக்குப் பந்தல்ல..." என்று தொடங்கினேன். "அதை விடும்மா, வேலையைப் பாரு" என்றார். அவருக்கு எல்லாம் தெரியும் என்று அப்போது புரிந்தது. புரிந்தும் நான் வாயை மூடிக்கொண்டேன், அது எனக்கு வசதியாகப் போயிற்று.

நாற்பது வருடமாக நானும் ஃபேரர் பார்க் வீட்டில் மூன்று வேளையும் சமைக்கிறேன், சலித்துப்போய்விட்டது. சில காலைகளில் அடுப்பைப் பற்றவைக்கக் கை எழாது. அப்போதெல்லாம் தைப்பூசத்துக்கு மறுநாளை நினைத்துக்கொள்வேன். அவ்வளவு அவமானப்பட்ட மனிதர் எழுந்து அரிசி களைந்தாரே, எனக்கென்ன வந்தது என்று எழுந்துவிடுவேன். அப்பா எனக்கு விட்டுப்போன சொத்து அதுதான்.

கடை இருந்த இடத்தில் இப்போது துணி விற்கிறார்கள். மண்ணெண்ணெய் அடுப்பு வந்தபின் பக்காவ் விறகைக் கேட்பவர் குறைந்துவிட்டார்கள். அன்றைக்குப் பந்தியில் உட்கார்ந்தவர்களில் ஒருவராவது இருந்தால் போய்ச் சொல்லிவிடலாம் என்று விசாரித்துப் பார்த்தேன், யாரும் இல்லை. போன மாதம் காத்தோங் கோயிலில் ஓர் இளைஞர் என்னிடம் வந்து, "உங்கப்பா பெரிய சமையல்காரராமே, ஒரு தைப்பூசத்துக்கு உப்பையே மறந்துட்டாராம், எங்க தாத்தா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு" என்றார். அப்பா எத்தனை ஆயிரம் பேருக்குச் சோறு போட்டாரோ, ஊரில் மிஞ்சியிருப்பது அந்த ஓர் அண்டா மட்டும்தான். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் சாமி கும்பிடப் போய்விட்டார்.

அதனால் இங்கே எழுதுகிறேன். அப்பா கேட்டார். பொய் சொன்னது நான்.