மாமியின் முழங்காலும் என் விரல்களும்

முப்பத்திரண்டு வயதில், என் மகளின் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் அழுதிருக்கிறேன். சகோதரிகளே, அந்த அழுகையை அல்லாஹ் கேட்டான். அதைத்தான் சொல்ல வந்தேன்.

சாய்ந்தமருதில் எங்கள் வீடு. கணவர் ஒலுவில் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கப் போனால் வர நாளாகும். வீட்டில் நானும் அவரின் உம்மாவான மாமியும் மகளும்தான். போன வருடம் நோன்பு முடிந்த கையோடு என் விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கின. இரண்டு கையும் ஒரே மாதிரி. சுபஹுத் தொழுகைக்கு விடியலில் எழுந்தால் விரல் மடங்காது. தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்ய பைப்பைத் திருக முடியாது. வெயில் ஏறிய பிறகுதான் கொஞ்சம் இளகும். உடம்பெல்லாம் அசதி, இடைக்கிடை காய்ச்சல்.

மாமி இரக்கத்தோடுதான் சொன்னார்: "எனக்கும் முழங்கால் நோவுதானே மகள். எண்ணெய் பூசினாச் சரியாகும்."

பூசினேன். வீக்கம் மணிக்கட்டுக்கும் ஏறியது. ஒரு காலை, ஸுஜூதில் நெற்றியைத் தரையில் வைக்கக் கையை ஊன்ற முடியாமல் கதிரையில் இருந்து தொழுதேன். "யா அல்லாஹ், இது என்ன வருத்தம் என்றாவது காட்டித் தா" என்று கேட்டேன். சுகத்தைக் கேட்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

அந்தக் கிழமை முடிவதற்குள் மாமியை முழங்காலுக்காக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அவரைக் கைகொடுத்து எழுப்ப நான் பட்ட பாட்டை டொக்டர் கண்டுவிட்டார்.

"தங்கச்சி, உங்கட கையக் காட்டுங்க. காலையில விறைக்குதா?"

"ஓம் டொக்டர், மணித்தியாலக் கணக்கா."

மாமிக்கும் விளங்கும்படி சொன்னார்: "உம்மாக்கு மூட்டு தேஞ்சிருக்கு. நடந்தா நோகும், ஓய்வெடுத்தா குறையும். அது வயசால வாறது. உங்கட கையில இருக்கிறது வேற. உடம்பக் காக்கிற சக்தியே பிழையா மூட்டத் தாக்குது. இளம் வயசிலயும் வரும். விட்டா மூட்டு கோணிப் போகும். இப்பவே மருந்து தொடங்கினா கட்டுப்படுத்தலாம்."

மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ட நோவப் போலயெண்டு நினைச்சிட்டனே மகள்."

இரத்தப் பரிசோதனையும் அதையே காட்டியது. மருந்து பிடிக்க மாதங்கள் எடுத்தன. அதுவரை விடியலில் என் கையில் தண்ணீர் வார்த்தவர் மாமி. இன்று வீக்கம் அடங்கிவிட்டது. மகளுக்குத் தலை பின்னி விடுகிறேன். நோய் முற்றாகப் போகவில்லை; மருந்தும் கிளினிக்கும் தொடர்கின்றன. அல்ஹம்துலில்லாஹ்!

அல்லாஹ்விடம் விளக்கம் ஒன்றைத்தான் கேட்டேன். மருந்தையும் தந்தான், என் மாமியை எனக்குத் தாயாகவும் ஆக்கினான்.

உங்கள் விரல்களும் காலையில் இப்படி விறைத்து வீங்கினால் வயதென்று ஒதுக்காதீர்கள். அவனிடம் கேளுங்கள். அவன் ஒரு வாசலைத் திறந்தால், தயங்காமல் உள்ளே போய் டொக்டரிடம் உங்கள் கையைக் காட்டுங்கள்.