கிராம சபையில் ஜெயராணி

நூல்கண்டு டப்பாவில் செல்போனைச் சாய்த்து வைத்துவிட்டு ஜெயராணி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொள்கிறாள். கிராம சபை நாளென்றால் தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டுதான் உட்காருவாள். போனில் முகம் மட்டும்தானே தெரியும் என்று கேட்டால், "சபைன்னா சபதான். நைட்டியோட போவாங்களா?" என்பாள்.

சபை கூடுவது குறிஞ்சிப்பாடிப் பக்கத்து ஊரில். அவள் இருப்பதோ சிதம்பரத்துத் தையல் கடையில். பிழைப்பு இங்கே என்றாலும் வீடும் ஓட்டும் அங்கேதான். அந்த ஊரில் மாதா கோயில் வரைக்கும் வந்த மழைநீர் வாய்க்கால் அப்படியே நின்றுவிட்டது. ஐப்பசி மழைத் தண்ணீர் முழுவதும் அவள் வீட்டுக்குள் நுழைகிறது. போன வருஷம் பின்சுவர் சரிந்தது. இன்னொரு மழையை வீடு தாங்காது.

ஒவ்வொரு சபைக்கும் எதிர்வீட்டுப் புஷ்பவள்ளிதான் தன் போனில் அவளை அழைத்து, கூட்டத்துக்குக் கொண்டுபோவாள். "அழுத புள்ளதான் பால் குடிக்கும்" என்று ஜெயராணி தொடங்கிவிடுவாள். கோபம் வந்தால் கால் தானாக மிஷினை மிதிக்கும். அன்று தைத்த ரவிக்கையை அப்புறம் பிரித்துத்தான் தைக்க வேண்டும். அந்தக் கடகடச் சத்தம் கேட்டதும், "ராணிக்கு ஏறிடுச்சுப்பா" என்று ஊரே சிரிக்கும்.

இந்த அக்டோபரில் ஒருவழியாக வாய்க்காலைத் தீர்மானத்துக்கு எடுத்தார்கள். நீட்டினால் புஷ்பவள்ளியின் வாசற்படியும் குளியலறையும் போகும். தலைவர் செந்தமிழ்செல்வன் படித்துக் காட்டியபோதுதான் ஜெயராணிக்கே அது தெரிந்தது. மிஷின் சத்தம் வரவில்லை.

"அக்கா, ஒன் வாசலா போவுது?"

"நீ பேசு. போன புடிச்சிகிட்டுதான இருக்கன்."

பேசினாள். வீடு வேண்டும், அக்காவும் வேண்டும். என்ன செய்வாள், பாவம்.

"வேணுங்கறவங்க எந்திரிங்க" என்றார் தலைவர். அந்த ஊர் வழக்கம் அது. ஜெயராணி போனைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குள் எழுந்து நின்றாள். திரையில் மேடை கீழே இறங்கி, பந்தல் துணி தெரிந்தது.

"உக்காந்துகிட்டே போன தூக்குறியே, ஒனக்கு வேணுமா, வேணாமா?" என்று யாரோ புஷ்பவள்ளியிடம் கேட்டார்கள்.

"எனக்கு வேணாம். நான் உக்காந்துதான இருக்கன்? அவ நிக்கிறா, பாருங்க" என்றது புஷ்பவள்ளியின் குரல்.

தலைவர் வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டு வந்தார். நேரமாயிற்று. படம் ஒருமுறை ஆடிச் சரிந்தது. புஷ்பவள்ளி போனை இடக்கைக்கு மாற்றி, மறுபடியும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.