பாலேஸ்வரி அன்ரியின் சந்தோசம்

"மூச்சை உள்ளை எடுங்கோ பிள்ளை... இன்னும் கொஞ்சம்... ஆ, அப்பிடியே நில்லுங்கோ."

வாயில் ஐந்து பின்களைக் கடித்துக்கொண்டே பாலேஸ்வரி இவ்வளவையும் தெளிவாகச் சொல்லிவிடுவார். மணப்பெண் மூச்சை விடுவதற்குள் சேலையின் முன்மடிப்பான கொய்யகம் இடுப்பில் ஏறியிருக்கும். மில்லிக்கனில் ஒரு பேஸ்மென்றில் தனியே இருக்கும் இவருக்கு வயது ஐம்பத்தெட்டு. ரொறன்ரோவில் இவர் சேலை உடுத்திவிட்ட பெண்கள் பலர் இப்போது தாய்மார்.

"எவ்வளவு அன்ரி?" என்று கேட்டால் மட்டும் கோபம் வந்துவிடும். "உதென்ன கேள்வி? சந்தோசமாத் தாறதைத் தாங்கோ." நீட்டும் என்வலப்பை ஆட்களுக்கு முன்னால் பிரித்துப் பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை. சீப்புப் பைக்குள் போடுவார். காரில் வீடு திரும்பும்போது ஸ்டீல்ஸ் தெருவில் முதல் சிவப்பு விளக்கு வரும்வரை அது பத்திரமாக இருக்கும். அங்கே பிரித்த பிறகு சேலை நிறமும் தொகையும் சேர்ந்தே மனதில் பதிந்துவிடும்: அரக்குப் பட்டு, நூற்றியொன்று.

வருமான வரிப் பத்திரம் நிரப்பித் தரும் பத்மநாதனிடமும் வருடா வருடம் இதே கதைதான்.

"அன்ரி, சாறி உடுத்துற காசு?"

"உது வருமானமோ தம்பி? அது சந்தோசமெல்லோ!"

பத்மநாதன் பெருமூச்சு விட்டுப் பூச்சியம் போடுவார்.

பிறகு கொரோனா வந்தது. கலியாணங்கள் நின்றன. போன வருடம் ஐயாயிரம் டொலராவது உழைத்தவர்களுக்கு அரசாங்கம் உதவி தருகிறதென்றார்கள். உழைத்தீர்களா என்று தொலைபேசி கேட்க, பாலேஸ்வரி தயங்காமல் 'ஆம்' என்பதற்கான ஒன்றை அமத்தினார். பொய்யில்லை. முப்பத்தாறு கலியாணம், ஐயாயிரத்து இருநூறு. சிவப்பு விளக்குகள் சாட்சி. ஏழு மாதத்தில் வந்த பதினாலாயிரமும் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

இரண்டு வருடம் கழித்துக் கடிதம் வந்தது. உங்கள் பத்திரத்தில் வருமானம் பூச்சியம். உழைத்ததை நிரூபியுங்கள், இல்லையேல் முழுவதையும் திருப்பிக் கட்டுங்கள். கடிதத்தோடு பத்மநாதனிடம் ஓடினார். அவ்வளவு காசுக்கு எங்கே போவார்?

"அரசாங்கத்தின்ர ஃபோமிலை சந்தோசத்துக்கு ஒரு பெட்டியும் இல்லை அன்ரி," என்றார் பத்மநாதன். "காசு தந்த ஆக்களிட்டை, எவ்வளவு தந்தவையெண்டு கடிதம் வாங்கி வாங்கோ. அந்த வருசத்தைத் திருத்திக் குடுப்பம்."

வாங்கினார். முப்பத்தாறு வீடும் முகம் சுளிக்காமல் எழுதித் தந்தது. தந்ததை அல்ல, தந்திருக்கலாம் என்று பிறகு நினைத்ததை. பிறம்ரனில் இருக்கும் கனகாம்பிகை, அந்த அரக்குப் பட்டுக்காரி, முந்நூற்றைம்பது என்று எழுதிக் கையெழுத்துக்குக் கீழே கோடும் போட்டிருந்தார்.

பத்மநாதன் கூட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "பதினொராயிரம் வருது! இதுக்கு முழுக்க அரசாங்கப் பென்சன் திட்டத்துக்குக் காசு கட்டவேணும். சரியான தொகையை எழுதித் தரச் சொல்லுங்கோ."

"நூற்றியொண்டுதான் தந்தனீங்கள் எண்டு ஒரு மனிசியின்ர முகத்துக்கு நேரை சொல்லலாமோ தம்பி? விடுங்கோ, கட்டுறன்."

இருபது வருடம் ஒரு சதமும் காட்டாதவர், வாங்காத காசுக்கும் சேர்த்துக் கட்டினார். தகுதி உண்டென்று பதில் வந்தது. பதினாலாயிரமும் தப்பியது. அதை வாசித்துவிட்டுக் கொஞ்சம் அழுதார்.

இப்போது பத்மநாதனின் கட்டளைப்படி சீப்புப் பைக்குள் ஒரு ரசீதுப் புத்தகமும் இருக்கிறது. போன சனிக்கிழமை மணப்பெண்ணின் தாய் துர்க்கா வழக்கம்போல என்வலப்பை நீட்டினார். பாலேஸ்வரி அதைப் பைக்குள் போட்டுவிட்டு, ரசீதுப் புத்தகத்தையும் பேனையையும் அவரிடம் கொடுத்தார்.

"தொகையை நீங்களே எழுதிவிடுங்கோ பிள்ளை. எனக்குக் கண்ணாடி இல்லை."

கண்ணாடி அவர் மூக்கில்தான் இருந்தது. துர்க்கா தொகைக்கான கோட்டில் பேனையை வைத்தார்; எழுதாமல் தன் கைப்பையைத் திறந்தார். பிறகு, "அன்ரி, அந்த என்வலப்பை ஒருக்கால் தாறியளோ?" என்றார்.

பாலேஸ்வரி திரும்பவில்லை. மணப்பெண்ணின் கொய்யகத்தைப் பார்த்தபடியே பைக்குள் கைவிட்டு, முதுகுப் பக்கமாக என்வலப்பை நீட்டினார்.