அம்மா ஏறும் ஜீப்புக்கு ஒரு வெப்சைட்

அம்மாவின் போனை வாங்கிக் காதில் வைத்தால் பச்சை ஏலக்காய் மணக்கும்...

போன் மட்டுமா? சேலை, தூக்குவாளி, தலைமுடி எல்லாம் அதே மணம்தான். போடிமெட்டு தாண்டி மலைமேல் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் அம்மா காய் எடுத்துக்கொண்டிருந்த காலம். விடிவதற்குள் ஜீப் ஏறினால் வீடு திரும்பச் சாயங்காலம் ஆகிவிடும்.

நான் அப்போதுதான் காலேஜ் முடித்திருந்தேன். கோயமுத்தூர் கம்பெனி ஒன்றில் வேலைக்கு ஆர்டர் வந்திருந்தது. எனக்கோ போடியிலேயே உட்கார்ந்து வெப்சைட் செய்து பிழைக்க ஆசை.

"யம்மா, ஒரே ஒரு சைட்டு செஞ்சு பாக்குறேன். நாலு பேருக்கு உபயோகமா இருந்தா இங்கனயே இருக்கேன். இல்லைன்னா பெட்டியக் கட்டுறேன்" என்றேன்.

"செஞ்சு பாரு ஆத்தா" என்றாள். அவ்வளவுதான்.

எனக்குச் சிக்கிய முதல் ஆள் கணேசண்ணன்... அம்மா போகும் ஜீப்பின் டிரைவர். நாளைக்கு யார் யார் வேலைக்கு வருகிறார்கள் என்று கேட்டு, தினமும் பதினான்கு பேருக்கு போன் போட்டுத் தொண்டை வற்றிக் கிடந்தார். "கீழ எறங்குறப்பவே அவங்களே போன்ல தட்டி விடட்டும்ணே" என்றேன். அவருக்குப் பிடித்துப்போனது.

பத்து நாள் உட்கார்ந்து செய்தேன். முகப்பில் மலையும் மேகமுமாகப் பெரிய போட்டோ. மேலே ஓரத்தில் மெனு. அதில் பெயரைத் தேடி, தேதியைத் தேர்ந்தெடுத்தால், கடைசியில் சின்னதாக, அழகாக ஒரு பட்டன். கம்ப்யூட்டரில் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்! மொபைலுக்கு? கம்ப்யூட்டர் திரையிலேயே பக்கத்தைச் சுருக்கிப் பார்த்தேன். அடங்கியது. போதும் என்று விட்டுவிட்டேன்... அத்தனை மேதாவி நான்.

முதல் நாளே பதினான்கு பேரும் பதிந்திருந்தார்கள். மறுநாளும் அப்படியே. மூன்று வாரம் ஒரு நாள் தவறவில்லை, அதுவும் ஐந்தே நிமிடத்துக்குள் பதினான்கும் வந்து விழும். என்ன ஒழுங்கு என்று வியந்துகொண்டேன்! அம்மாவைக் கேட்டால், "அதுபாட்டுக்கு நல்லா ஓடுது" என்பாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கம்பெனிக்கு வரவில்லை என்று மெயில் எழுதியாகிவிட்டது, அனுப்புவதுதான் பாக்கி.

அதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து வைப்போம் என்று தோன்றியது. எல்லாரும் ஜீப்பில் உட்கார்ந்து என் சைட்டைத் தட்டுகிற மாதிரி. அன்றைக்கு நானும் மலையேறி, சாயங்காலம் அவர்களோடு இறங்கினேன்.

ஒருவரும் போனை எடுக்கவில்லை.

"என்னம்மா, பதியலையா?"

ஆளாளுக்கு அம்மாவைப் பார்த்தார்கள். பின்னால் ஓர் அக்கா மட்டும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

கணேசண்ணன்தான் கடைசியில் வாயைத் திறந்தார். "கோவிச்சுக்காத தங்கச்சி. அது எந்தப் போன்லயும் ஒழுங்கா வேலை செய்யல. இவங்க எங்கிட்ட வாயால சொல்லிருவாங்க. கீழ வந்ததும் நான் சொல்லச் சொல்ல எம்பொண்டாட்டி அவ வேலை பாக்குற ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டர்ல எல்லாப் பேரையும் ஏத்தி விட்டுருவா."

"ஏன்ணே இப்படி?"

"உங்கம்மாதான் சொன்னாங்க."

கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். அவள் வெளியே பள்ளத்தைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்: "நீ போயிட்டா வீடு வெறிச்சுனு கெடக்கும்டி... அதான்." பிறகு போனை என் மடியில் போட்டாள். "இப்ப என்ன கெட்டுப்போச்சு? என்னன்னு பாத்துச் சரி பண்ணு."

பார்த்தேன். வளைவுக்கு வளைவு ஜீப் ஆளைத் தூக்கிப் போடுகிறது. ஒரு கை கம்பியைப் பிடிக்க வேண்டும், மிச்சமுள்ள கையின் கட்டைவிரல் மேலே இருக்கும் மெனுவுக்கு எட்டாது. சிக்னல் வந்து வந்து போகிறது, மலைக்குள் உட்கார்ந்துகொண்டு மலை போட்டோவுக்குக் காத்திருக்கிறோம்! காய் எடுத்த விரல்களில் கறுப்பாகப் பிசுபிசுக்கும் கறை. அந்த விரலுக்கு என் அழகான பட்டன் மசியவே இல்லை.

வாய்ப்பூட்டு கழன்றதும் ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். "எம்பேரத் தேடுறதுக்குள்ள ஊரே வந்துருது புள்ள!" அடிவாரத்து முந்தல் வரும்வரை திட்டித் தீர்த்தார்கள். வெட்கமாக இருந்தாலும், அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

போட்டோவைத் தூக்கினேன். மெனுவைத் தூக்கினேன். அவரவருக்குத் தனி லிங்க், திறந்தால் அவரவர் பெயர். திரையின் அடியில் இரண்டே பட்டன்... 'வர்றேன்', 'வரல'. விரல் முட்டியால் இடித்தாலும் பதிகிற அளவு பெரிது. மூன்று நாள் ஜீப்பிலேயே போய் வந்து சோதித்தேன்.

நான்காம் நாள் வீட்டில் இருந்து பார்த்தேன். ஒரு பெயர் வந்தது. பத்து நிமிடம் கழித்து இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் சேர்ந்தாற்போல் மூன்று. ஒருவர் தவறி 'வரல'யை அழுத்தி, உடனே மாற்றினார். ஒழுங்கே இல்லாமல் பதினான்கும் வந்து சேர்ந்தன. அப்போதுதான் மெயிலை அனுப்பினேன்.

இன்று போடியில் சின்ன ஆபீஸ், கூட இரண்டு பெண்கள். மொபைலில் எப்படித் தெரியும் என்று காட்ட ஆயிரம் வசதி வந்துவிட்டது. இருந்தும் யாராவது "சூப்பர் மேடம்" என்றால், அவர்கள் போனையே வாங்கி ஒருமுறை தட்டிப் பார்க்கிறேன். அந்த ஜீப் இரைச்சலில் திட்டியதுபோல் திட்ட ஆள் இல்லையே என்றும் இருக்கிறது.

அம்மா இப்போது மலைக்குப் போவதில்லை. எந்த சைட் முடிந்தாலும் முதலில் அவள் கையில்தான் கொடுப்பேன். போன வாரம் ஒன்றை நாலு தட்டு தட்டிவிட்டு, "வெளங்கல" என்று திருப்பிக் கொடுத்தாள்.

"அன்னைக்கு மட்டும் நல்லா ஓடுதுன்ன?"

"இப்ப எதுக்குப் பொய் சொல்லணும்? அதான் நீ இங்கனயே இருக்கியே."