முச்சந்தி மண்

செஞ்சிக் கூட்டு ரோட்டில் காலை நேரத்தில் எதிர்ப்பக்கம் போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விடும். திண்டிவனம் பஸ், திருவண்ணாமலை பஸ், விழுப்புரம் பஸ் எல்லாம் அங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கும். கோட்டையில் சிப்பாய்கள் இருந்த காலத்தில் அவர்களுடைய குதிரைகளுக்குக் கொள்ளும் புல்லும் விற்க வண்டிக்காரர்கள் கூடிய இடம் அது என்பார்கள். கோட்டை காலியானது, வண்டிகள் வருவது நிற்கவில்லை. கொள்ளு போய், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டை வந்தது, மாடு போய் பஸ் வந்தது. மூன்று ரோடு நாலான பிறகும் எங்களைப் போன்ற பழைய ஆட்களுக்கு அது முச்சந்திதான். அந்த மூலையில்தான் என் பாத்திரக் கடை.

எனக்குச் சோறு இறங்காவிட்டால் போதும், என் வீட்டுக்காரி முச்சந்தி மண்ணும் உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். “நாள் பூரா அங்க குந்திகினு இருந்தா, ஊர்க் கண்ணு மொத்தமும் உங்க மேலதான்” என்று சுற்றிப்போடுவாள். நான் கிண்டல் செய்வேன். ஆனாலும் அன்றைக்கு நன்றாகச் சாப்பிடுவேன்.

அவள் தவறிப்போன பிறகு, இந்த ஆடியில் சோறு அடியோடு இறங்கவில்லை. டாக்டர் எல்லாம் நார்மல் என்றார். சென்னையில் இருக்கும் மகன், “டென்ஷன் ஆகாத நைனா, நேரத்துக்குச் சாப்புடு” என்று போனில் சொன்னான். யாருக்கு வேண்டும் இவன் யோசனை? எதிரே உட்கார்ந்து சாப்பிட ஆளில்லை, அதுதான் என் வியாதி. அதை எந்த முகத்தோடு பிள்ளையிடம் சொல்வது? கண்தான் பட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை கடையைச் சாத்திவிட்டு மண்ணுக்குப் போனால், சந்தி முழுக்கத் தாரும் சிமெண்டும். ஒரு சிட்டிகை மண் கிடைக்கவில்லை. பூக்காரம்மாதான் தன் குடைக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை நகர்த்தி, அடியில் சுரண்டிக் கொடுத்தாள்.

“யாருக்குண்ணா சுத்தப் போற?”

“பேரனுக்கும்மா.”

பேரனும் சென்னையில்தான் இருக்கிறான்.

வீட்டுக்கு வந்து மண்ணை உப்பு மிளகாயோடு கையில் பிடித்த பிறகுதான், சுற்றுவதற்கு இன்னொருவர் வேண்டும் என்பது உறைத்தது. கண்ணாடி முன்னால் நின்று என் தலையை நானே சுற்றினேன். “துப்பு” என்று நானே சொல்லி, நானே துப்பினேன். எல்லாவற்றையும் பழைய வாணலியில் போட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். கண் பட்டிருந்தால் மிளகாய் நெடி அடிக்காது என்பார்கள். எனக்கு நெடி தாங்க முடியவில்லை, இருமித் தீர்த்தேன். அவ்வளவு ஜனம் போகிற சந்தியில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன், ஒருத்தர் கண்கூட என்மேல் படவில்லை.